இரண்டாயிரம் என்று எழுதிய பெட்டி

நாலுவழிச் சாலையில் நின்றுபோன லாரிக்கு நட்டு அறுத்துக் கொடுக்கிறவனிடம் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் எல்லாரும் கேட்பார்கள். லோடு ஆட்டோவுக்குள் இரும்பு அறுக்கிற ஒரு கிரைண்டர், ஒரு டிரில் மிஷின், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி. இவ்வளவுதான் என் பட்டறை. கோவில்பட்டி அடங்கியபிறகு என் பொழப்பு தொடங்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. கருகக் கருகக் கற்றுக்கொண்டேன். வண்டி பேட்டரியில் வீட்டு மிஷினை ஓட்டப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு தடவை மிஷின் ஓடாவிட்டால் அந்த டிரைவரும் கூப்பிடமாட்டான், அவன் கூட்டாளிகளும் கூப்பிடமாட்டார்கள்.

மேலே ஒன்று, அடியில் ஒன்று

முதல் பெட்டியின் நெற்றியில் இரண்டாயிரம் வாட் என்று சிவப்பில் எழுதியிருந்தது. என் கிரைண்டர் எண்ணூற்றைம்பதுதான். தாராளம் என்று வாங்கிவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே சுவிட்சை அமுக்கினால் சக்கரம் அரைச்சுற்று சுற்றி நின்றது; பெட்டி கீகீ என்று கத்தி அணைந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். தொடர்ந்து ஓட ஆயிரம், இரண்டாயிரம் என்பது கண்சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தான். கிரைண்டரோ எழும்பும்போது மட்டும் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். எஞ்சினை ஓடவிட்டால், அதுவும் மனசு வைத்தால், சில நேரம் எழும்பும். கடைக்காரரிடம் போய் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“மேல போட்டிருக்கது கம்பெனிக்காரன் ஆசை, அண்ணாச்சி. அடியில போட்டிருக்கதுதான் மிஷினு.”

வீட்டு வயர்

பெட்டியை வண்டியின் பின்னால் பொருத்தி வயர் இழுத்துக் கொடுத்தது செல்வம். மோட்டார் காயில் கட்டுகிறவன், சின்ன வயதிலிருந்து சேக்காளி. வீட்டுக்கு இழுக்கிற வயரையே பேட்டரியிலிருந்து பின்னால்வரை ஓட்டிவிட்டான். ரெண்டாவது நட்டு அறுக்கையிலேயே வயர் உருகி நாற்றம் அடித்தது. பன்னிரண்டு வோல்ட்டில் ஆயிரம் வாட் எடுத்தால் நூறு ஆம்பியர் பக்கம் போகும். வீட்டில் அதே வேலைக்கு ஐந்துகூட வராது. பிறகு நானே பெட்டியைப் பேட்டரி பக்கத்தில் வைத்து, விரல்தடிமன் கேபிளும் ஒரு ஃபியூஸும் போட்டு, நீளமான வயரைக் கிரைண்டர் பக்கம் விட்டேன். இதைச் செல்வத்திடம் சொன்னால் அவனுக்குத்தான் கோபம் வருகிறது:

“ஊர்ல எல்லா வீட்டு ஃபேனும் டிவியும் இந்த வயர்லதாம்லே ஓடுது, ஒனக்கு மட்டும் என்ன ராஜ கிரைண்டரா?”

டிரைவரின் உதவி

கேபிள் மாற்றிய மறு வாரம், ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். பெட்டி வழக்கம்போல அணைந்தது. நான் வெளியே வருவதற்குள், ரோட்டில் காத்து நின்று சலித்த டிரைவர், பெட்டியின் கிளிப்பை என் பேட்டரியிலிருந்து கழற்றித் தன் லாரி பேட்டரியில் மாட்டிவிட்டார். லாரிக்கு இரண்டு பேட்டரி, சேர்த்து இருபத்துநாலு வோல்ட். என் பெட்டிக்குப் பன்னிரண்டு. பட்டென்று ஒரு சத்தம், பிறகு புகை. கத்திக்கொண்டே வெளியே வந்தேன். அவர் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாவமாக நின்றார்:

“ரெண்டு மடங்கு குடுத்தா ரெண்டு மடங்கு வேகமா ஓடும்னு நெனச்சேன், அண்ணாச்சி.”

கழுகுமலை ரோட்டில்

மறுபடி கடைக்குப் போனபோது எனக்கு எல்லாம் தெரியும். தொடர்ந்து இரண்டாயிரத்தைந்நூறு வாட் தாங்குகிற பெட்டிதான் வேண்டும். அது வர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். ஒரு வாரம் போனை அணைத்துவைக்கத் தைரியமில்லை. அதற்குச் சொல்லிவைத்துவிட்டு, அதே பழைய மாடலை, தெரிந்தே, வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள், விடியவிடியப் பார்த்த வேலை பகலிலும் இழுத்து, பதினொரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பும்போது போன் வந்தது. ஆடு ஏற்றிய வண்டியைப் பின்னால் வந்த லாரி இடித்து, கதவு நசுங்கி, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மரம் கிடையாது. உள்ளே நாற்பது ஆடு, ஒன்றின்மேல் ஒன்று. ஆட்டுக்காரம்மா இடுக்கு வழியாகக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரம்பம் நுழைய இடமில்லை, கிரைண்டர்தான் கதி. ராத்திரி வேலையில் என் பேட்டரியும் இறங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டேன், பெட்டி கத்தி அணைந்தது. மறுபடி. மறுபடி. நாலாவது தடவை, அவர்களுடைய டிரைவரை என் வண்டியில் உட்கார்த்தி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னபிறகுதான் சக்கரம் எழும்பியது. தாழ்ப்பாள் அறுந்தது. ஆடுகள் குதித்து ஓடின. அடியில் கிடந்த ஒரு செனை ஆடு மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தம்மா என்னை வையவில்லை. அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஒங்க பொட்டி மூணு தடவ செத்துச் செத்துப் பொழச்சிட்டு, அண்ணாச்சி. இதுக்கு ஒரு தடவதான்.”

பெரிய பெட்டி வர அந்தக் கடைக்காரர் சொன்னபடி ஒரே வாரம்தான் ஆயிற்று; இத்தனை பேரிடம் சண்டை போட்ட நான், அந்த ஒரு வாரத்துக்காகச் சண்டை போட ஆளைத் தேடினால் என் லோடு ஆட்டோ கண்ணாடியில்தான் தெரிகிறான்.