கிசுகிசு அக்காவின் இரண்டு நிமிடம்

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு வைத்த பெயர் கிசுகிசு அக்கா. ஊர் வம்பு பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். வம்பு பேச அவளுக்கு நேரமே கிடையாது. தொலைக்காட்சித் தொடர் எடுக்கும்போது காமிராவை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நடிகர்களுக்கு வசனத்தை வரிவரியாக எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. குரல் பதிவு பிறகு தனியாக நடக்கும் என்பதால் அவள் சத்தம் பார்க்கிறவர்கள் காதில் விழாது. "உன் காலடி இந்த வீட்டுல படக்கூடாது" என்று அவள் காய்கறிக்கணக்கு சொல்வதுபோல முணுமுணுப்பாள். எதிரே நிற்கும் நடிகை அதையே கண் சிவக்க, நரம்பு புடைக்க, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சொல்வார். ஒன்பது வருடம், ஏழு தொடர்கள். அழுத மருமகள்கள், மிரட்டிய மாமனார்கள், செத்துப் பிழைத்த தம்பிகள் எல்லாருக்கும் வசனம் அவள் வாயிலிருந்துதான் போனது.

அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் இருந்தாள். பிழை திருத்துகிறவர் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதையும் விடக்கூடாது. கல்யாணமான புதிதில் வீட்டிலும் அப்படித்தான் பேசினாள் என்று அவள் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். "என்னங்க கமா சாப்பிட வாங்க முற்றுப்புள்ளின்னு கூப்பிடுவா. ரெண்டு வரி தாண்டினா எங்க பத்தி பிரிச்சிடுவாளோன்னு பயமா இருக்கும்." அவர் லைட்மேன். அவர்தான் ஒரு நாள், வசனம் கொடுக்க ஆள் வராமல் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவளைக் கூட்டி வந்து முக்காலியில் உட்கார வைத்தார்.

இரண்டாவது தடவையும் அவர்தான் மாட்டிவிட்டார்.

தொடரில் மூத்த அண்ணியாக, அதாவது குடும்பத்தைக் கெடுக்கும் வில்லியாக, நடித்துக்கொண்டிருந்த அம்மாள் மாடிப்படியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கவே மூன்று மாதம் ஆகுமாம். மறுநாளே ஒளிபரப்பாக வேண்டிய காட்சி இன்னும் எடுக்கவில்லை. இயக்குநர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். போன் போட்டுக் கேட்ட நடிகைகள் எல்லாம் வேறு படப்பிடிப்பில் இருந்தார்கள்.

"ஏழு பக்க வசனம்! இனிமே ஒருத்தரைப் பிடிச்சு, மேக்கப் போட்டு, சொல்லிக்கொடுத்து... நடக்கிற காரியமாய்யா?" என்று கத்தினார்.

மேலே சாரத்தில் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சார், ஏழு பக்கமும் என் பொண்டாட்டிக்கு மனப்பாடம் சார்."

தளமே திரும்பிப் பார்த்தது. முக்காலியில் இருந்தவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஏங்க, சும்மா இருங்க!" என்று அவள் பதறுவதற்குள் மேக்கப் போடுகிறவர் வந்து அவள் முகத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாராளமா ஆகும் சார்" என்றார்.

அரைமணி நேரத்தில் அவள் கழுத்து நிறைய நகையோடு வெளிச்சத்துக்குள் நின்றாள். பார்த்துப் பார்த்துப் பழகிய இடம்தான். ஆனால் காமிராவின் இந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. முதல் வரியை எடுத்தாள். கணீரென்று வந்தது. அவளே அசந்துபோனாள், தன் குரல் இத்தனை பெரியது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. இளைய மருமகள் அழுதபடி பதில் சொல்லத் தொடங்கியதும் இயக்குநர், "கட்!" என்றார்.

"அக்கா, அவங்க பேசும்போது உங்க வாய் ஏன் அசையுது?"

"நான் எங்க சார் பேசினேன்?"

போட்டுக் காட்டினார். மருமகள் பேசப் பேச, பின்னால் நிற்கும் வில்லியின் உதடும் அந்த வசனத்தை ஒரு எழுத்து விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருடப் பழக்கம்! தளத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அசைந்தது. பதினோரு தடவை ஆயிற்று. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவங்க பேசும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க. உங்க முறை வரும்போது மட்டும் திறங்க" என்றார்.

அவள் கடித்தாள். உயிரைக் கொடுத்துக் கடித்தாள். தாடை இறுகி, கன்னத்தில் ஒரு தசை துடித்து, கண் தானாக இடுங்கியது. எதிரே நின்ற மருமகள் நிஜமாகவே பயந்து ஓரடி பின்னால் போனார். இயக்குநர் "கட்" சொல்ல மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஓகே. இதுதான். இதை விட்டுடாதீங்க."

மூன்று மாதத்துக்கு என்று நடிக்க வைத்தவளை நான்கு வருடம் விடவில்லை. கால் சரியாகி வந்த அம்மாளுக்கு வேறு தொடரில் நல்ல வேடம் கிடைத்துவிட்டதால் யாருக்கும் வருத்தமில்லை. தெருவில் குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லைக் கடித்து விளையாடினார்கள். காய்கறிக் கடைக்காரம்மா தக்காளியை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, "எடுத்துட்டுப் போ. ஆனா அந்தச் சின்னப் பொண்ணை இனிமே அழவச்சேன்னா இந்தப் பக்கம் வராதே" என்று விரலை ஆட்டினாள். மகளின் கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, "ஆன்ட்டி கோவமா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

எல்லாரையும் சமாளித்துவிடலாம், மாமியாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர் அவர். தொடர் முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வில்லி பாலில் விஷம் கலந்த அன்றைக்கு, வீட்டில் அக்கா நீட்டிய டம்ளரைப் பார்த்துவிட்டு, "அங்கேயே வை. என் பையன் வரட்டும்" என்றார்.

"அத்தை, அது நடிப்பு. இது நம்ம வீட்டுப் பால்."

"நடிப்புன்னு எனக்கும் தெரியும்டி. இருந்தாலும் அவ்வளவு பொருத்தமா கலக்குறியே, எங்க கத்துக்கிட்ட?"

அந்தச் சமயத்தில்தான் சினிமா வந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். இதுவரை குறும்படங்கள் எடுத்தவளாம். இதுதான் முதல் பெரிய படம். ஓர் அம்மா வேடம், படம் முழுக்க வரும் என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "வசனம் எத்தனை பக்கம்மா வரும்? முன்னாடியே குடுத்திடுங்க" என்றாள்.

"ஒரு வரிகூடக் கிடையாதும்மா. அந்த அம்மாவுக்குப் பேச்சு வராது."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வசனத்திலேயே பிழைத்தவளை வசனமில்லாமல் கூப்பிடுகிறாளே! "என்னை எதுக்கும்மா தேடி வந்தீங்க? எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்."

"எங்கம்மா உங்க சீரியல் பார்ப்பாங்க. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஒரு நாள் சத்தத்தை அணைச்சுட்டுச் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தேன். மத்தவங்க யாரு, என்ன, ஒண்ணும் புரியல. நீங்க மட்டும் என்ன நினைக்கிறீங்கன்னு எனக்கு அப்படியே தெரிஞ்சுது."

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "ஒத்துக்கோடி. வாயைத் திறக்கலைன்னா யாரையும் திட்ட மாட்டியே" என்றார்.

ஒப்புக்கொண்டாள். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதற்குப் பிறகு வந்தது அந்த ரயில் நிலையக் காட்சி.

மகன் வேலைக்காக வெகுதூரம் கிளம்புகிறான். அவனுடைய சான்றிதழ்கள் உள்ள பையை அம்மா வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்து, ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும். ரயில் நகரும், அம்மா நிற்பாள். அவ்வளவுதான். ஆனால் இயக்குநர் பெண் நிஜ ரயில், நிஜக் கூட்டம் என்று பிடிவாதமாக இருந்தாள். அலைந்து திரிந்து அனுமதி வாங்கியது ஒரே ஒரு ரயிலுக்கு. காலை பத்து மணிக்கு வரும், இரண்டு நிமிடம் நிற்கும், போய்விடும். ஒரே தடவைதான் எடுக்க முடியும். மூன்று காமிராக்களை மறைத்து வைத்தார்கள். ஒன்று புத்தகக் கடைக்குள், ஒன்று நடைமேம்பாலத்தின் மேல். மூன்றாவதை ஒளிப்பதிவாளர் துணியால் மூடித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார்.

ரயில் வந்தது. கூட்டம் நெருக்கியடித்தது. அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். குறித்து வைத்த ஜன்னலுக்கு வந்து நிமிர்ந்தால், அங்கே வேறு யாரோ ஒரு மீசைக்காரர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்!

மகனாக நடிக்கும் பையனைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் அடுத்த பெட்டியில் ஏற்றிவிட்டிருந்தது. தூரத்தில், கதவருகே, ஆட்களுக்கு நடுவில் அவன் தலையும் நீலச் சட்டையும் தெரிந்தன. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவான். அவன் பெயர் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் படம் போச்சு. பேச்சு வராத அம்மா எப்படிக் கூப்பிடுவாள்?

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது.

அவள் கையை ஓங்கிப் பெட்டியின் பக்கவாட்டில் அறைந்தாள். டம், டம், டம் என்று அறைந்துகொண்டே ஓடினாள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. மீசைக்காரர் பழத்தைக் கீழே போட்டுவிட்டு, "என்னம்மா? யாருக்கு?" என்றார். அவள் பையைத் தூக்கிக் காட்டினாள். முன் பெட்டியைக் காட்டினாள். கையை நெஞ்சில் வைத்தாள். அவர் ஜன்னலில் முகத்தை ஒட்டி அந்தப் பக்கம் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. "குடுங்க, குடுங்க!" என்று ஜன்னல் வழியாகப் பையை இழுத்துக்கொண்டார். "ஏம்ப்பா, அந்தப் பெட்டியில கதவுகிட்ட நீலச் சட்டைப் பையன்! பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு!" உள்ளே பை கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலே மிதந்து போவது வெளியிலிருந்தே தெரிந்தது. அவளும் அதோடு ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. சுமை தூக்குகிறவர் ஒருவர், "அம்மா, விழுந்துடாதீங்க!" என்று கூடவே ஓடி வந்தார். யாருக்கும் அது சினிமா என்று தெரியாது. ஒரே ஒரு அம்மாள் மட்டும் அவளை அடையாளம் கண்டு, "அந்த அண்ணி தானே இவ? நல்லா வேணும்!" என்றாள். குரல் பதிவின்போது அதை நீக்கிவிட்டார்கள்.

நடைமேடை முடியப் போகிறது. அப்போது அவன் கதவில் தோன்றினான், கையில் அந்தப் பையோடு. அவன் அழுதுகொண்டிருந்தான்; அதுவும் நடிப்பில்லை. அவள் நின்றாள். மூச்சு வாங்க, ஒற்றைச் செருப்போடு, சிவந்த உள்ளங்கையைத் தூக்கி ஆட்டினாள். ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து போயிற்று.

இயக்குநர் பெண் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "எல்லாம் விழுந்திருச்சும்மா! மூணு காமிராவிலயும் விழுந்திருச்சு! இதை நான் எழுதவே இல்லையே!" அக்காவுக்கு அப்போதுதான் கை எரிந்தது. "மெதுவா, மெதுவா" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முதலில் கேட்டது, "அந்த மீசைக்காரருக்கு யாராவது விஷயத்தைச் சொல்லுங்களேன், பாவம்" என்பதுதான்.

படம் வெளியான அன்று குடும்பமே பகல் காட்சிக்குப் போனது. கணவர் நகத்தைக் கடித்தபடி விளக்கு எந்தக் கோணத்திலிருந்து வருகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி வந்தது. முதல் அறை விழுந்ததுமே அரங்கம் கப்சிப். பை தலைகளுக்கு மேலே போகப் போக, முன்வரிசையில் யாரோ, "குடுடா, குடுடா!" என்று கத்தினார்கள். பையன் கதவில் தோன்றியபோது விசிலும் கைதட்டலும் எழுந்து காது அடைத்தது. மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே மருமகளின் கையைப் பிடித்தார்.

"ஏண்டி, ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"அந்த அம்மாவுக்குத்தான் வாய் பேச வராதே, அத்தை."

"வராட்டி என்னடி? பெத்தவளுக்கு அவசரத்துக்கு வராதா?" என்றார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. அன்று மாலை பாலை மருமகள் கையிலிருந்தே வாங்கிக் குடித்தார்.

ஒரு மாதத்தில் நான்கு படங்களுக்குக் கூப்பிட்டார்கள். மூன்றில் அழுகிற அம்மா. நான்காவதில் லாரி ஓட்டுகிற பெண். அக்கா யோசிக்கவே இல்லை, லாரியைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், நாற்பத்தேழாவது வயதில் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். முதல் வாரம் ஒரு சுவர், இரண்டாம் வாரம் ஒரு குப்பைத்தொட்டி. ஐந்தாம் வாரம், ஊருக்கு வெளியே உள்ள திடலில், பயிற்சியாளர் இறங்கிக்கொண்டு, "இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க மேடம்" என்றார். பக்கத்தில் கணவர் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மெதுவா..."

"நீங்க பேசாம வாங்க" என்று கியரைப் போட்டாள். லாரி ஒரு உறுமு உறுமியது. திடலின் புழுதியெல்லாம் எழும்ப, அவள் முதல் வட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவதுக்குத் திருப்பினாள்.