உள்தாழ்

மெக்கானிக் என் பழைய வேனின் கதவுப் பூட்டைக் கழற்றியபோது எழுந்த கிரீஸ் வாடை, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட பெரிய காஞ்சிபுரத்துத் தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது.

அப்பாவின் வேன் அங்கேதான் நிற்கும். அவர் குடித்துவிட்டு அடிக்கத் தொடங்கினால் அம்மா என்னோடு அதற்குள் ஏறி, உள்தாழ் தேய்ந்து பிடிக்காததால், தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கிக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொள்வாள். "தொறடி, கொளுத்திடுவேன்" என்று அவர் கதவை உதைத்து உதைத்து இழுக்க, பட்டு அறாது. அவள் விரல்கள்தான் அறுபடும்.

மறுநாள் அவரே சுத்தியலோடு உட்கார்ந்து வெளிப்பூட்டைச் சரிசெய்வார். உள்தாழை மட்டும் தொடவே மாட்டார்.

"வெளிப்பூட்டு ரெடிம்மா. உள்தாழ் தேஞ்சிக்கினு இருக்குது, அப்புறம் பாத்துக்கலாமா?" என்றார் மெக்கானிக்.

"மொதல்ல அதப் பாருப்பா" என்றேன்.