பிந்தி வந்த விதைநெல்

வேளாண்மை அலுவலகத்தில் மருந்து கலந்த விதைநெல்லின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

அந்த வருஷம் கன்னிப்பூ என்கிற முதல்போக நெல் சாகுபடிக்கு மானிய விதை வருமென்ற பேச்சை நம்பி, அம்மா வயலை உழுதுபோட்டுக் காத்திருந்தாள். வாரந்தோறும் என்னையும் இழுத்துக்கொண்டு இங்கே நடந்தாள். மூட்டை வந்தபோது பக்கத்து வயல்களில் கதிர் வந்துவிட்டது.

"இத இனி எங்க கொண்டு வெதைக்க சாரே?" என்று கேட்டாள்.

"வாங்கினதா ஒரு கையெழுத்து போடும்மா. எங்களுக்கு அதுதான் வேணும்" என்றார் அதிகாரி.

மருந்து நெல்லைக் கோழிக்குக்கூடப் போட முடியாது. அம்மா கையெழுத்துப் போடாமல் மூட்டையை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தாள். அந்தமுறை எங்கள் வயல் தரிசாகவே கிடந்தது.

"மானிய விதைக்குப் பதியுற ஆப் இன்னும் திறக்கல்ல மேடம், கொஞ்சநாள் பொறுங்க" என்றார் இன்றைய அலுவலர்.

நான் எதிர்க்கடைக்குப் போய், முழு விலை கொடுத்து விதை வாங்கினேன்.