எட்டு மணிக்கு ஓட வேண்டிய பிக்கப்

தங்கசாமி வண்டி இன்ஜினின் பெட்ரோல் பம்பில் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், 1943இல், தண்ணீர்மலைச் சாலையோரம் வண்டி பழுதுபார்த்தவர் அவர். பக்கத்து வீட்டில் நான் இருந்தேன், எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு ஜப்பானிய அதிகாரியின் பழைய பிக்கப் வண்டி மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓடாவிட்டால், தங்கசாமியைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்புவதாக உத்தரவு; போனவர்களில் பலர் திரும்பவில்லை.

பிளக்கில் பொறி வந்தது. ஆனால் எரிபொருள் வந்து சேராமல் கார்புரேட்டர் காய்ந்து கிடந்தது. பம்புக்குள் எரிபொருளைத் தள்ளும் சவ்வு கிழிந்திருந்தது. புதியது எங்கும் கிடைக்காது. நோயாளிக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடி நின்றது. திறந்தால், அந்தத் துண்டு ஊறிப் பிசுபிசுத்திருந்தது.

“இப்ப பெட்ரோல் ஏது மிஸ்ஸி? இது ரப்பரைக் காய்ச்சி வடிச்ச எண்ணெய். அதுல போய் ரப்பரையே போட்டிருக்கேன், ஊறிக் கரையாம என்ன செய்யும்?” என்றார் தங்கசாமி.

“இருபது வருஷ மெக்கானிக் லா,” என்றாள் அவர் மனைவி குணவதி. “சயாம்ல போய்ச் சொல்லுங்க, சிரிப்பானுங்க.”

அவர் உட்காரவேயில்லை. கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார்.

“அண்ணே, நோயாளிக்கு மருந்துத் தண்ணி ஏத்த நாங்க பம்பா வைக்கிறோம்? பாட்டிலை உயரத்துல தொங்கவிடுவோம்,” என்றேன்.

உடனே வண்டியின் கூரையில் எண்ணெய் நிரப்பிய ஒரு டின்னைக் கட்டி, செப்புக் குழாயைக் கார்புரேட்டருக்கு நேராக இறக்கினார்.

மறுநாள் காலை ஏழரைக்கே இன்ஜினைக் கிளப்பி, அதிகாரி வரும்வரை அணைக்காமல் பக்கத்திலேயே நின்றார். அதிகாரி ஏறி ஓட்டிப் போனதும், சயாமுக்கென்று கட்டிவைத்த துணிமூட்டையைக் குணவதி அவிழ்த்தாள்.