கிளாரி பாஸ்கோவின் ஈர ஓட்டு

முண்டாரா பண்ணைக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு மேசையில் எல்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஆடு ஈரமா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? முட்டி சொல்லும்" என்றார் கிளாரி பாஸ்கோ.

"ஆட்டோட முட்டியா?"

"என்னோட முட்டி."

எதிரில் உட்கார்ந்து இறைச்சியை அறுத்துக்கொண்டிருந்த, அவரோடு கம்பளி கத்தரிக்கும் டாரில் தலையை நிமிர்த்தவில்லை. "இவர் முட்டி சொன்னபடி மழை பெஞ்சிருந்தா, இந்நேரம் இங்க கப்பல் ஓடியிருக்கும்."

"மழை இல்லாத நாள்ல?" என்றாள் எல்கா.

"பனி இருக்கும்."

"பனியும் இல்லன்னா?"

கிளாரி முட்டியைத் தடவிக்கொண்டார். "வேர்வைம்மா. அதுக்கும் உடம்புதானே."

மேசையே சிரித்தது. எல்கா மட்டும் தட்டைப் பார்த்துப் புன்னகைத்தாள். கம்பளியைத் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தவள் அவள். வீட்டில் ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டு மொழி படித்தும், பேசுவதென்னவோ அரை மொழிக்குத்தான் காணும்.

கிளாரிக்கு வயது அறுபத்தொன்று. இருபது வயதில் செம்மறியின் கம்பளியைக் கத்தரிக்க ஆரம்பித்தவர். இரண்டாக மடிந்த உடம்பு, வேலை முடிந்த பிறகும் நிமிர்வதற்கு அவகாசம் கேட்கும். ஒரு நாளைக்கு நூற்றிருபது ஆடு கத்தரிப்பார். நூற்றைம்பது என்று சொல்லிக்கொள்வார். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குப் பண்ணைகள் எல்லாவற்றிலும் அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயர் கைவேகத்தால் வந்ததல்ல, ஓட்டால் வந்தது.

ஈரக் கம்பளியைத் தொட்டால் உடம்புக்கு வந்துவிடும் என்பது கத்தரிப்பவர்களின் நம்பிக்கை. அதனால் சந்தேகம் வந்த காலையில் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் 'ஈரம்' என்றோ 'காய்ந்தது' என்றோ எழுதித் தகர டப்பாவில் போடுவார்கள். யார் என்ன போட்டார் என்று யாரும் கேட்கக்கூடாது. ஈரம் அதிகம் என்றால் அன்றைக்கு ஓய்வு. பண்ணைக்காரி ரொவீனா ஹாக் எவ்வளவு முறைத்தாலும் அதை மாற்ற முடியாது. காய்ந்தது என்று போடுகிறவர்களைக் கிளாரி 'ரொவீனாவோட மருமகப்பிள்ளைங்க' என்பார். ஒரு முறை அப்படிப் போட்டதாகத் தானே உளறிய ஓர் இளைஞனுக்கு, அந்தச் சீசன் முழுக்க 'மாப்பிள்ளை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை சமையலறைச் சுவரிலிருந்த தொலைபேசியில் கிளாரி பேசியதை, பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்த எல்கா கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் அவர் "ம்" என்றார். பிறகு, "இல்ல ஜில், இந்தத் தடவ வந்துடுவேன்" என்றார். அப்புறம் "அது அப்போ, அங்க வெள்ளம்" என்றார். கடைசியில், "தெரியும்மா. சனிக்கிழமை பதினொரு மணி" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணு. முப்பத்தெட்டு வயசுல கல்யாணம் பண்ணிக்கிறா, போர்ட் அகஸ்டால. நான் வரலன்னா காத்திருக்க மாட்டாளாம், மணமேடைக்கு என் கையப் பிடிக்காம தனியாவே நடந்து போயிடுவாளாம்" என்றார் எல்காவிடம். "அவ பட்டம் வாங்கினப்பவும் நான் ஒரு ஆட்டுக் கொட்டகைலதான் கத்தரிச்சிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதே. இவனுங்க என்னைக் கிண்டல் பண்ணியே சாகடிச்சிடுவானுங்க."

எல்கா யாரிடமும் எதுவும் சொல்லும் பெண் அல்ல.

கணக்கு எளிது. புதன் முடிந்ததும் இரண்டு நாள் வேலை பாக்கி. வியாழனும் வெள்ளியும் வேலை நடந்தால் கடைசி ஆட்டையும் வெள்ளி சாயங்காலம் கத்தரித்து முடித்துவிடலாம். எல்லாரும் வந்தது ஒரே பஸ்ஸில். கடைசி ஆடு முடியாமல் அது கிளம்பாது. வியாழன் போனால் சனிக்கிழமையும் வேலை.

வியாழன் விடியலில் தூறல் விழுந்தது. அரை மணி நேரம், பேருக்கு. முண்டாராவில் ஏழு மாதத்தில் விழுந்த முதல் தூறல். ரொவீனா வாசலில் நின்று வானத்தைக் கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றாள்.

கத்தரிக்கும் ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்தார்கள். டாரில் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

"மூணு பேர் மழைக் கட்சி, மூணு பேர் வெயில் கட்சி, பாத்தாலே தெரியுது" என்றான். "பெரிசு இருக்கே, அப்புறம் என்ன? தலையணைய எடுத்து வைங்கடா."

"முட்டி என்ன சொல்லுது, கிளாரி?" என்று ஒருவன் கேட்டான்.

"வலிக்குது" என்றார் கிளாரி. இந்த முறை அவர் குரலில் உற்சாகம் இல்லை.

சீட்டை வாங்கிக்கொண்டு அவர் கம்பளி மேசைப் பக்கம் நடந்து வந்தார். அங்கே எல்கா ஒரு கம்பளித் திரளை விரித்து ஓரங்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காய்ந்துதான் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். கிளாரி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டையும் பென்சிலையும் மேசைமேல் வைத்தார்.

"அந்த டாரில் பய ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பான். என் கையெழுத்த எங்க வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவான்" என்றார் மெதுவாக. "நாப்பத்தோரு வருஷமா ஒரே வார்த்தையத்தான் எழுதியிருக்கேன், எல்கா. இன்னொன்ன எழுதிப் பழக்கமே இல்ல. நீ கொஞ்சம் எழுதிக் குடும்மா. ஆம்பளை எழுத்து மாதிரி, அசிங்கமா எழுது."