தேக்கா மாடியில் ஒரு பேராயர்

சனிக்கிழமை பகல் இரண்டு மணி. நாகப்பட்டினத்தில் ஏறிய எட்டாம் நாள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கினேன். பெட்டியில் எனக்கு நாலு புடவை, அண்ணனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையை அவனைப் போட வைக்கத்தான் கடல் தாண்டி வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

விஷயம் இதுதான். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடத்த மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். தாய்மாமனோ பேராயர், ஆனால் எங்கள் சபைக்கு அல்ல. ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவன், அந்தச் சபை மற்ற சபைகளோடு இணைந்து எங்கள் சபையானபோது கோபித்துப் பிரிந்தான். கூடப் பிரிந்தவர்கள் அவனைப் பேராயராக்கினார்கள். அவர்களோடும் மனஸ்தாபம், இன்னொரு சபை. அதுவும் உடைந்து, இப்போது இந்த ஊரில் மூன்றாவது. "வரட்டும், ஆனால் அங்கியும் பேராயர் மோதிரமும் இல்லாமல் சாதாரண ஆளாக வரட்டும்" என்றார் எங்கள் ஊர்க் குருவானவர். இல்லாவிட்டால் கல்யாணத்தை நடத்தி வைக்க மாட்டாராம்.

துறைமுகத்திலிருந்து அண்ணன் இருக்கும் தேக்கா மூன்று மைல்; டாக்சிக்கு ஒன்றரை வெள்ளி, அந்த ஊர் டாலர். வழியெல்லாம் சுவர்களில் 'மெர்டேக்கா' என்று எழுதியிருந்தது. விடுதலை என்று அர்த்தமாம். ஓட்டுநர் தஞ்சாவூர்க்காரர், பேச்சில் மட்டும் அந்த ஊர் 'லா' ஒட்டியிருந்தது. விலாசச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"தையல்கடை மாடி பிஷப்பா? வார நாள்ல பள்ளிக்கூடத்துல கிளார்க்கு, ஞாயித்துக்கிழமைதான் பிஷப்பு லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

நான் வருவதை எழுதவில்லை; எழுதினால் வேண்டாம் என்பான். கதவைத் திறந்தவன் கையில் கரண்டி.

"என்னளா கிரேஸ், இப்படி நரைச்சுட்டே!"

"எல்லாம் உன்னாலதான்" என்றேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். மீன்குழம்பு ஊற்றினான். கல்யாணச் செய்தியைச் சொன்னேன், நிபந்தனையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மேஜையில் வெள்ளைத் துணி விரித்தால் அந்த அறைதான் கோயில். ஒன்பது குடும்பங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. அண்ணன் ஊதா அங்கியில் நின்றான். அழகாகத்தான் இருந்தான், பாவி.

பேராயர்களுக்காக ஜெபிக்கும் இடம் வந்தது. முதல் பெயர் எங்கள் ஊர்ப் பேராயர்! அடுத்து, அவன் விட்டு வந்த இரண்டு சபைகளின் பேராயர்கள். கடைசியில்தான் "அடியேனையும்" என்றான்.

பக்கத்தில் நர்ஸ் உடுப்போடு இருந்த அம்மாள் என் காதில், "ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பேர் கூடும்க்கா. இன்னொரு தடவை பிரிஞ்சாருன்னா மத்தியானச் சாப்பாடு லேட்டாயிடும்" என்றாள்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எங்கள் கோயிலில் இத்தனை வருஷத்தில் இவன் பெயரை ஒருவரும் ஜெபத்தில் சொன்னதில்லை.

அவன் கையால் நற்கருணை வாங்கக் கூடாது என்பது எங்கள் சபைக் கட்டுப்பாடு. ஆனாலும் போய் முழங்காலிட்டேன். அண்ணன் அப்பத்தோடு என் முன்னால் நின்று, குனிந்தான்.

"கையை நீட்டாதே. ஊர்ல தெரிஞ்சா பிள்ளை கல்யாணத்துல வம்பு பண்ணுவாங்க."

தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தான்.

அன்று மத்தியானம் சட்டையை எடுத்துக் கொடுத்து நிபந்தனையைச் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டு அதன் பித்தானைத் திருகினான்.

"மூணு தடவையும் நான் செஞ்சது சரின்னுதான் நினைக்கேன். அது கிடக்கட்டும். இந்த ஒன்பது வீட்டுக்காரங்க என்னை நம்பிப் பேராயர்னு கூப்பிடுதாங்களே. அங்கியைக் கழட்டினா அவங்களைக் கைவிட்ட மாதிரி ஆகாதா?"

நாலு நாள் அந்தச் சட்டை மேஜைமேலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, துறைமுகம். பள்ளிக்கூடத்தில் தலைகாட்டிவிட்டு வழியனுப்ப வருகிறேன் என்றவனைக் காணோம். சங்கு ஊதும் நேரத்தில் ஓடி வந்தான், அந்த வெள்ளைச் சட்டையில். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இளைத்திருக்கிறான், நான் பழைய அளவுக்கு வாங்கிவிட்டேன்.

"ஒன்பது வீட்டுலயும் போய்க் கேட்டேன். 'தாய்மாமனாப் போயிட்டு, பிஷப்பாத் திரும்பி வாங்க'ன்னுட்டாங்க."

மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தான். "நீயே வச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா போட்டுக்குவேன்." விரலில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

கப்பல் நகர்ந்து விட்டது; கரையில் நிற்கும் அண்ணன் தை மாதம் வருவான். மோதிரம் என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் ஐந்நூறு பேர் உட்காரலாம். தேக்கா மாடியில் நாற்பது பேருக்கே மூச்சு முட்டும்; ஆனாலும் அங்கே எங்கள் பேராயர் பெயருக்கும் இடம் இருந்தது. கல்யாணத்தன்று பெரிய கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, இந்த மோதிரத்தை நானே அண்ணன் விரலில் போட்டுத்தான் உள்ளே கூட்டிப் போவேன். குருவானவர் கேட்டால் கேட்கட்டும். பதில் யோசிக்க எனக்கு எட்டு நாள் கடல் இருக்கிறது.