நந்துமேயின் பழைய எண்

ஈஸ்டருக்கு மசாகாவிலிருக்கும் அம்மாவைப் பார்க்க, பெரிய வியாழனன்று காலை நந்துமே கம்பாலாவில் வேன் ஏறினாள். முடி பின்னிப் பிழைக்கும் அவள் பேங்க் கார்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் போன் உறைக்குள்ளேயே செருகி வைத்திருப்பாள். நெரிசலில் வேன் நின்றபோது ஜன்னல் வழியே நுழைந்த ஒரு கை, போனை உறையோடு பறித்துக்கொண்டு மறைந்தது. "கார்டெல்லாம் அதுக்குள்ளதான்!" என்று கத்தினாள்.

"திருடனுக்குப் பொட்டலம் கட்டியே குடுத்துட்டியேம்மா!" என்றான் கண்டக்டர். வேனே சிரித்தது.

பேங்க் கார்டை அன்றே முடக்கினாள். சிம்மை முடக்கப் போனால், "அடையாள அட்டை எங்கக்கா?" என்றாள் கடைப்பெண்.

"அதுவும் அந்த உறைக்குள்ளதான் இருந்துச்சு."

"அப்ப புது அட்டை வாங்கிட்டு வாங்க."

அட்டை மாதக்கணக்கில் வரவில்லை. தோழி பெயரில் வாங்கிய புது எண்ணைத் தம்பி கயோண்டோவிடம் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கோ, எவ்வளவு சொல்லியும், போனில் பதிந்திருந்த பழைய எண்தான் மகள். நந்துமே அந்த எண்ணை அழைத்தால் யாரோ எடுத்தார்கள். பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

செப்டம்பரில் தம்பியின் செய்தி வந்தது: "அக்கா, அம்மாவை நிலப் பத்திரத்தோட வரச்சொல்லி பழைய நம்பர்லருந்து மெசேஜ் போட்டியாமே? பக்கத்து வீட்டுப் பிள்ளை படிச்சுக் காட்டுச்சாம். பத்திரத்தை எடுத்துக்கிட்டு விடியக்காலையிலேயே பஸ் ஏறிட்டாங்க. வந்து சேர்ந்துட்டாங்களா?"